பட்டியில் ஆடு செத்துக் கிடக்கிறதா? அடையாளம் பார்த்து வழி தேடுங்கள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் செம்மறி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொறங்காட்டுக்குள் (வேலியடைத்த மேய்ச்சல் காடு) பட்டி, சுற்றிலும் கிளுவை முள்வேலி, ராத்திரி ஆடு பட்டியில், ஆள் சாளையில் (தோட்டத்து வீடு). இந்த ஏற்பாடு நம் பக்கம் எங்கு போனாலும் ஒன்றுதான். விடிகாலையில் பால் கறக்க எழுந்தவர் பட்டிப் பக்கம் போய்ப் பார்த்தால் ஆடு செத்துக் கிடக்கும். அக்கம்பக்கத்தில் கூப்பிடும்போதெல்லாம் போய்ப் பார்த்து, பொந்து தேடி, வேலி அடைத்துக் கொடுத்துப் பழகியதில் தெரிந்துகொண்டவைதான் இவை.

நம் ஊரில் பெரும்பாலும் காரியம் நாயுடையதுதான். ஆனால் எப்போதும் அப்படி இல்லை. எது அடித்தது என்று தெரியாமல் காசை இறைத்தால் சிறுத்தைக்குக் கம்பி வலையும் நாய்க்கு விளக்கும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம்.

எதையும் தொடுவதற்கு முன்னால்

செத்த ஆடுகளை இழுத்து ஓரிடத்தில் குவிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. செய்யாதீர்கள். கிடந்த இடமும் கிடந்த விதமும்தான் பாதி பதிலைச் சொல்லும். போனில் படம் எடுங்கள்: ஆடு கிடக்கும் இடம், காயம், காதில் இருக்கும் காப்பீட்டு வில்லை, பட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் தெரிகிற கால்தடம். உயிரோடு இருப்பதை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைகிறதா என்பது பின்னால் முக்கியமாகும்.

மூக்கு, வாய், ஆசனவாயில் கருப்பாக ரத்தம் உறையாமல் கசிந்திருந்தால் அதோடு நிறுத்துங்கள். அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. அடைப்பான் நோயாக இருக்கலாம், அது மனிதனுக்கும் தொற்றும். நாயும் காக்கையும் அண்டாமல் பார்த்துக்கொண்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மற்ற எல்லாப் பரிசோதனையும் இதற்கு அப்புறம்தான்.

அப்படி இல்லையென்றால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். ஆடு உயிரோடு இருக்கும்போது கடிபட்டதா, தானாகச் செத்த பிறகு நாய் வந்து குதறியதா? வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடிபட்ட இடத்தில் தோலை விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். உயிரோடு கடித்திருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டி, சதை கன்றிப்போய்க் கருஞ்சிவப்பாக இருக்கும். செத்த பிறகு கடித்திருந்தால் சதை வெளிறி, கிழிந்த இடம் காய்ந்தாற்போல் இருக்கும், ரத்தக்கட்டு இருக்காது. பிரேதப் பரிசோதனைக்கு வரும் மருத்துவரிடமே இதைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே பார்ப்பதாக இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கடித்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது.

அறிகுறி 1: பல ஆடுகள் செத்துக் கிடக்கின்றன, தின்றது கொஞ்சம்தான்

தொடை, விலா, காது, வால் என்று கண்ட இடத்தில் கடி. ஒரு குட்டியின் வயிறு மட்டும் கிழிந்து கொஞ்சம் தின்றிருக்கும், மற்றவை கடித்துப் போட்டபடி கிடக்கும். உயிரோடு இருப்பவை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கிட்டே போனாலே மிரளும். இது நாய்க் கூட்டம். பசிக்காகக் கடித்ததைவிட, ஓடுகிற ஆட்டைத் துரத்திய வேகத்தில் கடித்ததுதான் அதிகமாக இருக்கும். வேறெந்த விலங்கும் இத்தனையைக் கொன்று இப்படிப் போட்டுவிட்டுப் போவது அபூர்வம்.

*எப்படி உள்ளே வந்தது? செலவில்லாததிலிருந்து பாருங்கள்.*

படல், அதாவது பட்டி வாசலை மூடும் தட்டி. கட்டியிருந்த கயிறு தளர்ந்திருக்கிறதா, படலுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு சாண் இருந்தால் நாய்க்குப் போதும், தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். ஆடு தினமும் போய் வருகிற வாசலில் மண் தேய்ந்து பள்ளமாகிக்கொண்டே போகும். போன வருஷம் தரையைத் தொட்ட படல் இந்த வருஷம் தொடாது. ஒரு கல் பலகையை வாசலில் குறுக்கே பதித்துவிட்டால் இது தீர்ந்தது.

வேலியின் அடி. கிளுவை மேலே நன்றாகத் தழைத்திருக்கும், கீழே தூர் மட்டும் நின்று இடையில் பொந்து விட்டிருக்கும். நின்றபடி பார்த்தால் தெரியாது. குத்தவைத்து உட்கார்ந்து, நாயின் கண் உயரத்தில் வேலியைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். வழக்கமாக நுழைகிற பொந்தில் தரை வழவழவென்று இருக்கும், முள்ளிலோ கம்பியிலோ முடி சிக்கியிருக்கும்.

எந்தப் பொந்து என்று சந்தேகமாக இருந்தால், பொழுது சாயும்போது சந்தேகப்படும் இடத்தில் எல்லாம் அடுப்புச் சாம்பலையோ சலித்த மண்ணையோ முறம் அகலத்துக்குப் பரப்பிவிடுங்கள். காலையில் போய்ப் பாருங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையை விட்டுவிட்டு நேராகக் கேமரா வாங்கப் போகிறார்கள் பலர்.

பொந்து தெரிந்ததும் உடனடிக்கு வேலாமுள்ளையோ சீமைக்கருவேல முள்ளையோ வெட்டி, பொந்தில் திணித்துக் கல் வைத்து அழுத்துங்கள். முள் காய்ந்து நொறுங்கும் வரைக்கும்தான் இது தாங்கும். நிரந்தரமாக அடைக்க மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட வேண்டும். அது பிடித்து நாய் நுழையாத அடர்த்திக்கு வர இரண்டு மூன்று மழை ஆகும். வேலி நீளம் முழுவதையும் காக்க நினைப்பதைவிட ராத்திரி அடைக்கிற பட்டியை மட்டும் காப்பது எவ்வளவோ மலிவு.

*பொந்து அடைத்தும் வருகிறது என்றால்* பட்டிக்கு மட்டும் கம்பி வலை. ஐந்தடிக்குக் குறையாமல், முடிந்தால் ஆறடி. வலையின் உயரத்தில் இருக்கிற அக்கறை அடியில் யாருக்கும் இருப்பதில்லை. நாய் தாண்டுவதைவிடத் தோண்டுவதுதான் அதிகம். புத்தகத்தில் வலையை ஓரடி ஆழம் புதைக்கச் சொல்வார்கள். நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கடப்பாரையே இறங்காது. அதற்குப் பதில் வலையில் ஒன்றரை அடியை வெளிப்புறமாக மடித்துத் தரையில் படுக்கவிட்டு, மேலே கல்லடுக்கி விடுங்கள். நாய் வலை நிற்கிற இடத்தில்தான் தோண்டப் பார்க்கும், அங்கே காலுக்கடியில் கம்பி இருக்கும். இரண்டடி தள்ளிப் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

விளக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தெருவிளக்குக்கு அடியில் பிறந்து வளர்ந்த நாய் மினுக்கு விளக்குக்குப் பயப்படுமா? நாலு நாள் தயங்கும், அப்புறம் விளக்கு வெளிச்சத்திலேயே கடிக்கும். வெளிச்சம் ஆள் எழுந்து போய்ப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

அறிகுறி 2: ஒரே ஒரு ஆடு, அல்லது ஆட்டையே காணோம்

இங்கே வழி நாலாகப் பிரியும்.

*கழுத்தில் மட்டும் ஆழமான கடி, உடம்பில் வேறு காயம் இல்லை, இழுத்துக்கொண்டு போன தடம் இருக்கிறது.* கால்தடத்தைப் பாருங்கள். நாயின் தடம் நீள்வட்டமாக இருக்கும், விரலுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளி தெரியும். சிறுத்தையின் தடம் வட்டமாக இருக்கும், நகம் தெரியாது, அளவும் பெரிது. வேலி எங்கும் உடையாமல் இருந்து, இழுத்த தடம் புதருக்கோ கரட்டுக்கோ போனால் பின்னாலேயே தேடிக்கொண்டு போகாதீர்கள். மிச்சத்தைத் தின்ன அது அங்கேயே படுத்திருக்கலாம். தடத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். சமவெளியில் ஏது சிறுத்தை என்று சிரிப்பவர்களுக்கு, 2022 ஜனவரியில் அவிநாசிப் பக்கம் ஆட்களைத் தாக்கிவிட்டுத் திருப்பூருக்குள்ளேயே வந்து பிடிபட்டதும், 2023-ல் ஊதியூர் மலையடிவாரத்தில் கன்றும் ஆடும் போனதும் மறந்திருக்கும். கூண்டு வைப்பதும் மயக்க ஊசி போடுவதும் வனத்துறையின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது ஆட்டை மேற்கூரையும் நாலு சுவரும் உள்ள இடத்தில் அடைப்பது. திறந்த பட்டிக்கு எவ்வளவு உயரம் வலை போட்டாலும் சிறுத்தைக்குப் பொருட்டில்லை.

*பிறந்து சில நாளான குட்டி மட்டும் போகிறது, தாய்க்குக் காயமில்லை.* நரியாக இருக்கலாம். தடம் நாயுடையதைப் போலவே, ஆனால் சின்னதாகவும் குறுகியும், ஒரே கோட்டில் போகும். வளர்ந்த ஆட்டுக்கு நரியால் ஆபத்து குறைவு. ஈன்ற ஆட்டையும் குட்டியையும் ஒரு மாதம் சாளைத் திண்ணையிலோ கூடைக்குள்ளோ வைத்தால் போதும். நஞ்சுக்கொடியை வேலியோரம் வீசாமல் குழியில் போட்டு மூடுங்கள், அந்த வாசனைதான் அழைப்பிதழ். நரி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கண்ணி வைத்தால் ஆட்டைப் பறிகொடுத்த நீங்களே குற்றவாளியாக நிற்பீர்கள்.

*ரத்தமே இல்லை, முடியே இல்லை, எண்ணிக்கை மட்டும் குறைகிறது.* இட்டேரியில் (இருபக்கமும் வேலி உள்ள பாதை) பைக் டயர்த் தடம் இருக்கிறதா, படல் கயிறு அவிழ்ந்திருக்கிறதா அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். நாய் முடிச்சு அவிழ்க்காது. அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

*குட்டி காணோம், பக்கத்தில் ஓடையும் புதரும் உண்டு, தடம் எதுவும் இல்லை.* மலைப்பாம்பு விழுங்கியிருக்கலாம். வயிறு புடைத்து அருகிலேயே அசையாமல் கிடக்கும். அடிக்காமல் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: காயமே இல்லாமல் செத்திருக்கின்றன

மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் ராத்திரி ஏதோ வெளியே நின்று மிரட்டியிருக்கிறது. ஆடு ஒரே பக்கம் ஒதுங்கி, அடியில் சிக்கியது மூச்சு முட்டிச் செத்திருக்கும். வேலிக்கு வெளியே தடம் தேடுங்கள். பட்டியின் மூலைகளில் இரண்டு படலைச் சாய்வாகக் கட்டி மூலையை வளைவாக்கிவிட்டால் குவிவது குறையும்.

அங்கங்கே தனித்தனியாக, அதுவும் கொழுத்த குட்டியாகச் செத்திருந்தால் துள்ளுமாரி நோயைச் சந்தேகப்படுங்கள். மழை பெய்து புதுப் புல் கிளம்பும் சமயத்தில் திடீரென்று வரும். மழைக்காலத்துக்கு முன்னால் தடுப்பூசி போட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் வாடிய இளஞ்சோளப் பயிரில் ஆடு வாய் வைத்திருந்தால் அது சோள நஞ்சு. இந்த இரண்டிலும் மீதி ஆடுகளைக் காப்பாற்ற மருத்துவர் உடனே வேண்டும், வேலிக்காரர் அப்புறம் வரலாம்.

அறிகுறி 4: பகலில், மேய்ச்சலில் கடிக்கிறது

பகல் நாய் பெரும்பாலும் முகவரி உள்ள நாய். பக்கத்துச் சாளையிலோ ஊருக்குள்ளோ யாரோ சோறு போடுவதுதான் கூட்டத்துக்கு முன்னால் ஓடும். முதலில் செய்ய வேண்டியது அந்த வீட்டில் போய்ப் பேசுவது. சண்டையாகப் போகாமல், "அண்ணா, காலையில மட்டும் கட்டிப் போடுங்க, மத்தியானம் அவுத்துக்கலாம்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். படம் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அடுத்து, ஆள் இல்லாமல் கொறங்காட்டில் ஆட்டை விட்டு வருகிற வழக்கம். கிளுவை வேலி திடமாக இருந்த காலத்தில் அது சரிப்பட்டது. இப்போது ஆள் கிடைக்காவிட்டால் சாளைக்குக் கிட்ட இருக்கும் காட்டிலாவது மேயவிடுங்கள்.

காவல் நாய் வாங்கலாமா? வளர்ந்த வேட்டை நாயைக் காசு கொடுத்து வாங்கி வந்து பட்டியில் கட்டினால் அது ஆட்டையே துரத்தும். ஓடுவதைப் பிடிக்கத்தானே அதை வளர்த்தார்கள். நாட்டுக் குட்டியைச் சின்னதிலிருந்தே ஆட்டோடு ஆடாகப் படுக்கவைத்து வளர்த்தால் பலன் உண்டு, ஆனால் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். தனியாக ஒன்று நாலு நாய்க் கூட்டத்தை எதிர்க்காது, குரைத்து எழுப்பும். எழுந்து வர ஆள் இல்லையென்றால் அதுவும் வீண்.

அறிகுறி 5: எல்லாம் அடைத்தாகிவிட்டது, கூட்டம் மட்டும் குறையவில்லை

வேலியை விட்டு வெளியே வாருங்கள். ஒரு மைல் சுற்றளவில் நாய்க்கு எங்கே சோறு கிடைக்கிறது என்று தேடுங்கள். கைவிட்ட கல்குவாரி, ஓடைப் பாலம், ரோட்டோரப் பள்ளம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் கறிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். கோழிப்பண்ணை உள்ள பக்கமாக இருந்தால் செத்த கோழியைத் தூக்கி வீசுகிற இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். ஒன்றை யாரும் சொல்வதில்லை: செத்த ஆட்டை நாமே இட்டேரியில் இழுத்துப் போடுகிறோம். ஆட்டுக்கறி ருசியை நாய்க்குக் கற்றுக்கொடுப்பது இதுதான். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள், மேலே கல் அடுக்குங்கள்.

அடுத்து, அந்த நாய்களின் காதைப் பாருங்கள். கருத்தடை செய்த தெருநாய்க்குக் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும். ஒன்றுக்கும் வெட்டு இல்லையென்றால் உங்கள் பக்கம் இன்னும் அந்த வேலையே தொடங்கவில்லை. விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2023-ன்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. தனியாளாக மனு கொடுப்பதைவிட, ஆடு பறிகொடுத்தவர்கள் எல்லோரும் தேதியும் படமும் சேர்த்து ஒரே மனுவாக ஊராட்சியிலும் ஆட்சியர் குறைதீர் நாளிலும் கொடுத்தால் எடை அதிகம். ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும், கருத்தடை செய்த நாயும் கடிக்கும். கூட்டம் பெருகாமல் இருக்கத்தான் அது உதவும், நாளை ராத்திரிக்கு உங்கள் படல்தான் துணை.

விஷம் வைத்துத் தீர்த்துவிடலாம் என்று டீக்கடையில் சொல்வார்கள். கறியில் குருணை மருந்து (பூச்சிக்கொல்லி) கலந்து வைத்தால் மயில், கீரி, பக்கத்து வீட்டுக் காவல் நாய் எல்லாம் போகும். நாயைக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் வழக்கு வரும், மயில் செத்தால் வனத்துறை வழக்கும் சேரும். அத்தோடு அது வேலைக்கும் ஆகாது. சோறு கிடைக்கிற இடம் காலியானால் அடுத்த ஊர் நாய் வந்துவிடும். அமெரிக்காவில் கொயோட்டி என்று நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட ஒரு விலங்கு உண்டு. ஆடு வளர்ப்பவர்களும் அரசாங்கமுமாகச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் சுட்டும் விஷம் வைத்தும் பார்த்தார்கள். முன்னே மேற்கில் மட்டும் இருந்தது இன்றைக்குக் கிழக்குக் கடற்கரை வரை பரவி, பெரிய நகரங்களுக்குள்ளேயும் திரிகிறது.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது பற்றிப் பேசவே வேண்டாம், அதில் முதலில் சாவது ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதன். மின்வேலி வேண்டுமானால் விட்டுவிட்டு அடிக்கும் சோலார் கருவிதான். காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி அதையும் பதிவு செய்ய வேண்டும்.

அறிகுறி 6: கடிபட்டு உயிரோடு நிற்கிறது

சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு காயத்தைப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கரித்தூள் எதையும் அப்ப வேண்டாம். கம்பளி முடிக்குள் பல் இறங்கிய ஓட்டை வெளியே கடுகு அளவுதான் தெரியும், உள்ளே சீழ் வைக்கும். முடியைக் கத்தரித்துவிட்டு உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள்.

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. கடித்த நாய் எது என்று தெரியாவிட்டால் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும். கடிபட்ட அன்று, பிறகு 3, 7, 14, 28-ஆம் நாட்கள் என்று மருத்துவர் போடுவார். இரண்டு ஊசியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக் கூடாது. ஆட்டைத் தூக்கிய உங்கள் கையில் கீறல் இருந்தாலோ எச்சில் பட்டிருந்தாலோ நீங்களும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து காயத்தில் ஈ மொய்க்கிறதா, நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். ஆடு காலைத் தரையில் உதைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. சினை ஆடு ஒரு வாரம் கழித்துக் கூடக் கருச்சிதையலாம், அதைத் தனியாக வைத்துக் கவனியுங்கள்.

இழப்பீடு கேட்பதாக இருந்தால்

தெருநாய் கடித்துச் செத்த கால்நடைக்கு இழப்பீடு தருவதாக 2025-ல் தமிழக அரசு அறிவித்தது. வனவிலங்கு அடித்ததற்கு வனத்துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும். எதுவானாலும் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் நகராது. அவர் வருமுன் புதைத்துவிட்டால் தோண்டி எடுக்கச் சொல்வார்கள், அல்லது கோப்பையே மூடிவிடுவார்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு அன்றைக்கே சொல்லுங்கள். காப்பீடு இருந்தால் வில்லையோடு காதை அப்படியே விட்டுவையுங்கள், வில்லை இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனம் திரும்பியும் பார்க்காது. நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன நேரத்தைப் போனில் குறித்து வையுங்கள், அதைக் கட்டாயம் கேட்பார்கள்.